கோயில் எழுத்து

எங்கள் பேரூராட்சியில் எழுதி வைத்ததை யாரும் மதிக்காமல் இருந்த காலத்தில், சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதியிருந்த வாசகங்களின் அடியில் மாடு கட்டிக்கொண்டும் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டும் மக்கள் நிம்மதியாக இருந்த காலத்தில், ‘இங்கே சிறுநீர் கழிக்கக் கூடாது’ என்று எழுதிய இடத்தில்தான் ஊரிலேயே அதிக ஈரம் இருந்த காலத்தில், புதிதாக மாற்றலாகி வந்த செயல் அலுவலர் ஒருவர் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் தபித்தாவின் பிளெக்ஸ் கடைக்குப் போய், ஜனங்கள் மதிக்கிற மாதிரி ஓர் எழுத்து இருந்தால் காட்டு என்று கேட்டார்.

தபித்தா இருந்ததையெல்லாம் காட்டினாள். சினிமாவுக்கு உள்ளது, கட்சிக் கூட்டத்துக்கு உள்ளது, காது குத்துக்கு உள்ளது, கண்ணீர் அஞ்சலிக்கு உள்ளது. அலுவலருக்கு எதுவும் பிடிக்கவில்லை. கடைசியாக அவள் தனக்கென்று செய்து வைத்திருந்த ஒன்றைத் திரையில் திறந்தபோது, அவர் தம்மை அறியாமல் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அது எங்கள் பக்கத்தில் கோயில் எழுத்து. பல தலைமுறைக்கு முன்னால் ஒரு மிஷன் அச்சகத்துக்காக ஒரு தட்டார் வெட்டிக் கொடுத்தது. ஞானோபதேசமும் பாட்டுப் புத்தகமும் மிஷன் பள்ளியின் வாசகப் புத்தகமும் அதில்தான் வந்தன. ஆகவே கோயிலுக்குப் போகிறவர், போகாதவர், வேறு கோயிலுக்குப் போகிறவர் எல்லோருமே எங்கள் ஊரில் ‘அ’னாவை முதலில் பார்த்தது அந்த உருவத்தில்தான். மேலிருந்து இறங்கும் கோடு தடித்திருக்கும், குறுக்கே போகும் கோடு மெலிந்திருக்கும். கோடு முடிகிற இடத்தில் சட்டென்று அறுந்துபோகாமல் இரண்டு பக்கமும் கொஞ்சம் அகன்று, சின்னப் பீடம் ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன்மேல் நிற்கும். சுழி முழு வட்டமாக இராது. எலுமிச்சம்பழத்தை லேசாகச் சாய்த்து வைத்தது போலிருக்கும். புள்ளிகூட உருண்டை இல்லை, நாலு மூலை உள்ளது. பக்கத்து எழுத்தின்மேல் எதுவும் சாயாது. அந்த எழுத்தைப் பார்த்தால் வாயை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்காரத் தோன்றும். தபித்தா பழைய புத்தகங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து வரைந்து அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். யாரும் கேட்காததால் யாருக்கும் கொடுக்கவில்லை.

முதல் பலகை பேருந்து நிலையத்தின் பின்சுவரில் ஏறியது. அன்று காலை மதுரை வண்டியிலிருந்து அவசரமாக இறங்கி ஓடிய ஒருவர் தலையைத் தூக்கி அதைப் படித்தார், படித்ததும் அவருடைய கால்கள் திரும்பின, திரும்பிய கால்கள் அவரைக் கட்டணக் கழிப்பறை வரைக்கும் கொண்டுபோய் விட்டன. அவருக்குப் பின்னால் வந்தவருக்கும் அப்படியே ஆயிற்று. ஒரு வாரத்தில் அந்தச் சுவர் காய்ந்தது. ஊரில் யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. நல்ல எழுத்தில் எழுதினால் யாரும் கேட்பார்கள், இத்தனை நாளும் மோசமான எழுத்தில் எழுதி நம்மைக் கெடுத்துவிட்டார்கள் என்றுதான் சொன்னார்கள்.

பிறகு எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. பூங்காவில் பூப் பறிக்கக் கூடாது என்று வைத்தார்கள், பூ பிழைத்தது. ஓட்டல்காரர் இலையில் கை கழுவக் கூடாது என்று வைத்தார். ஒரு மாமியார் அடுப்படியில் உப்பை அள்ளிப் போடாதே என்று மருமகளுக்காக மாட்டி, அன்றிலிருந்து அந்த வீட்டில் மாமியார் வைக்கிற குழம்பும் சப்பென்று ஆயிற்று. தாளில் அடித்துக் கொடுத்தால் ஒன்றும் நடக்காது. அலுவலர் தம் சுற்றறிக்கைகளைக் கோயில் எழுத்தில் அடித்துப் பார்த்தார், அவற்றில் சிப்பந்திகள் வடையைப் பிழிந்து எண்ணெய் எடுத்தார்கள். இடத்தில் மாட்ட வேண்டும், படிக்கிறவன் தலையைத் தூக்கிப் படிக்கிற உயரத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சலூன்கார முத்தையா தன் கடையில் ‘இங்கே அரசியல் பேசக் கூடாது’ என்று மாட்டினார். பேச்சு நின்றது, பேச்சு நின்றதும் ஆள் வரவும் நின்றது. பதறிப்போய்ப் பலகையைக் கழற்றிப் பரணில் போட்டார். ஆனாலும் அதை ஒரு தடவை படித்தவர்கள் அவர் கடையில் வந்து உட்கார்ந்தால் வாய் திறந்து திறந்து மூடினார்களே தவிர ஒரு கட்சியின் பெயரும் வெளியே வரவில்லை. படித்தது படித்ததுதான், கழற்றினாலும் போகாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அது தெரிந்த அதே வாரத்தில் கிணற்றடிச் சந்தில் பலகை ஏறிவிட்டது.

கிணற்றடிச் சந்து எங்கள் சந்து. ஒன்பது வீடு. ஒரு முனை கடைத்தெருவில், மறுமுனையில் ரயில்வே மதில். நுழையவும் வெளியேறவும் வாய் ஒன்றுதான். சந்து வாயில் சாக்கடை மூடி உடைந்துவிட்டது, யாரும் விழுந்துவிடக் கூடாது, மூன்று நாளில் சரி செய்துவிடலாம் என்று அலுவலர் நல்ல எண்ணத்தில்தான் அதை மாட்டச் சொன்னார்: ‘இவ்வழியே செல்லக் கூடாது.’

நான் அப்போது பால் வாங்கப் போயிருந்தேன். போகும்போது ஆட்கள் ஏணி போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள், பலகையின் முதுகுதான் தெரிந்தது. திரும்பி வரும்போது அதன் முகம் தெரிந்தது. படித்தேன். நான் உப்பளத்தில் மூட்டை எண்ணிப் பிழைத்தவன். ஐந்தாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன், ஆனால் ஐந்தாவதுக்கு அந்தப் பலகை போதுமானதாக இருந்தது. என் கால்கள் நின்றன. பால் பாக்கெட் கையில் வியர்த்துக்கொண்டிருந்தது. உள்ளே ஏழாவது வீட்டில் என் அக்கா அன்னப்பழம் இடுப்பெலும்பு முறிந்து அசையாமல் படுத்திருந்தாள்.

அவள் குளியலறையில் வழுக்கி விழுந்து அப்போது இரண்டு வாரம் ஆகியிருந்தது. எலும்பு கூடுகிற வரைக்கும் தூக்கக் கூடாது, இடம் மாற்றக் கூடாது, ஆனால் வேளைக்கு வேளை ஒருக்களித்துத் திருப்பிவிட வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும், இந்த வயதில் அந்தப் புண்தான் ஆளைக் கொண்டுபோகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் இருவருக்கும் வேறு யாரும் இல்லை. திருப்பிவிடுகிறவன் நான்தான்.

அன்று சாயங்காலத்துக்குள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்த் திரும்பியவர்கள், என்னோடு சேர்த்துப் பதினெட்டுப் பேர், சந்து வாயில் நின்றோம். முயற்சி செய்யாமல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போனோம். கால் கண்ணைக் கேட்கவில்லை. பின்பக்கமாக நடந்து போனோம். ஆட்டோ பிடித்து வந்தேன். ஓட்டியவர் வெளியூர்க்காரர், ஒன்றும் அறியாமல் உள்ளே விட்டார், ஆனால் சந்து வாய் வந்ததும் என் கால்கள் ஆட்டோவை விட்டு இறங்கிவிட்டன, நானும் கூடவே இறங்க வேண்டியதாயிற்று. ஆட்டோ மட்டும் உள்ளே போய் ரயில்வே மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

மூடி மூன்று நாளில் சரியாயிற்று. பலகையும் கழற்றப்பட்டது. அதற்குப் பிறகு பாத்திரம் விற்கிறவர்களும் கோலமாவுக்காரரும் பக்கத்து ஊர் நாய்களும் தாராளமாகச் சந்துக்குள் போய் வந்தார்கள். உலகத்துக்கே திறந்திருந்த சந்து, அதில் குடியிருந்த எங்களுக்கு மட்டும் அடைத்திருந்தது. உள்ளே இருந்த பெண்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டுப் பிள்ளைகளையும் தட்டுமுட்டுகளையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து கணவன்மாரோடு கடைத்தெருப் பக்கம் வாடகைக்குப் போய்விட்டார்கள். யாரும் பெரிதாக அழவில்லை. புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறது என்றார்கள். எனக்குத் தபித்தா கடையின் பின்னால் பிளெக்ஸ் சுருள் வைக்கிற அறையில் இடம் கொடுத்தாள்.

சந்துக்குள் மிச்சம் இருந்தவர் மூன்று பேர். மூவருமே எழுத்தறியாதவர்கள். ஒருத்தி அக்கா. இன்னொருத்தி பக்கத்து வீட்டுப் பேச்சித்தாய், அக்காவைவிட நாலு வயது இளையவள். நான் வர முடியாததால் அவள்தான் அக்காவைத் திருப்பிப் போட்டாள். மூன்றாவது ஆள் ஆடு மேய்க்கிற மாசானம்.

மாசானத்துக்கு வந்த வாழ்வை நான் சொல்லியாக வேண்டும். அதுவரைக்கும் அவனை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எந்தப் பலகையும் தடுக்காத ஒரே ஆண்பிள்ளை அவன்தான் என்பதால், பூங்காவில் பூப் பறிக்க அவன் வேண்டும், முத்தையா கடையில் நாலு வார்த்தை அரசியல் பேசிக் கூட்டம் சேர்க்க அவன் வேண்டும், சப்பென்ற குழம்பில் உப்புப் போட அவன் வேண்டும். சாயங்கால எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்திருந்தவன் நின்றுவிட்டான். அவனைப் பார்த்து வகுப்பிலிருந்த பெண்களும் நின்றார்கள். வகுப்பு நடத்திய டீச்சர் அவனை வழிமறித்து, “ரெண்டே ரெண்டு எழுத்துதான் பாக்கி இருந்துச்சு மாசானம்” என்று கெஞ்சினாள். “அந்த ரெண்டும் உங்ககிட்டயே இருக்கட்டும் டீச்சர், என் பொழப்புல மண்ணள்ளிப் போடாதிய” என்று சொல்லிவிட்டு அவன் காதைப் பொத்திக்கொண்டு போனான்.

சாப்பாட்டை நான் சமைத்து அவனிடம் கொடுத்துவிடுவேன். அவன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து அக்கா சொன்னதைச் சொல்லுவான். இந்த இடத்தில்தான் எனக்குப் பல்லைக் கடிக்கும்படி ஆகும்.

“அக்கா என்னல சொன்னா?”

“நல்லாருக்குன்னு சொன்னாவ அண்ணாச்சி.”

“எது நல்லாருக்கு? குழம்பா, உடம்பா?”

“அது கேக்கலியே.”

“மீன் எத்தன இருந்துச்சு தூக்கில?”

“மீனா... இருந்துச்சு.”

“நாலு வச்சேன்ல. எத்தனன்னு கேட்டேன்.”

“மூணு பாத்தேன்.”

“நாலாவது நீந்திப் போயிட்டோ?”

“நீரு எண்ணிக்கிட்டேதான் இருப்பீரு அண்ணாச்சி. நான் நடந்துகிட்டேதான் இருக்கணும். நடக்கிறவனுக்குப் பசிக்காதா?”

அவனுடைய செல்போனில் பேசவும் செய்தோம். அக்கா போனை வாய்க்குப் பக்கத்தில் வைக்காமல், கிணற்றுக்குள் இருக்கிறவனிடம் பேசுவது போலக் கத்துவாள். “ஏல மாசிலாமணி, எவனோ எதையோ எழுதி மாட்டினான்னா நீ அப்படியே நின்னுருவியா? ஒனக்குக் கூறு கிடையாதா?” நான் பதில் சொல்லுவேன், அவளுக்குக் கேட்காது. கேட்டாலும், எலும்பு முறிந்து கிடக்கிறவளைப் போன் வழியாகத் திருப்பிப் படுக்கவைக்க முடியாது.

வெளியூரிலிருந்து இரண்டு செவிலிப் பெண்களை அழைத்து வந்தேன். இருவரையும் அக்கா துரத்திவிட்டாள். ஊர் பேர் தெரியாதவள் தன்னைத் தொடக் கூடாதாம். எலும்பு பாதி கூடியதும் கட்டிலோடு வெளியே தூக்கிவரச் சொன்னேன். அதற்கும் மாட்டேன் என்றாள். “போகக் கூடாதுன்னு எழுதினவன் போகட்டும். நான் எதுக்கு எழும்பணும்?” என்று மாசானத்திடம் சொல்லியனுப்பினாள். இந்த ஒரு செய்தியை மட்டும் அவன் எழுத்துப் பிசகாமல் கொண்டுவந்தான்.

வழி தபித்தாவிடம்தான் இருக்கிறது என்று எல்லோரும் நினைத்தோம். தடுத்த எழுத்தே விடவும் வேண்டும், இதில் என்ன கஷ்டம்? அவள் கூலி வாங்காமல் அடித்தாள். ‘இவ்வழியே செல்லலாம்’ என்று மாட்டினோம். பதினெட்டுப் பேரும் தலையைத் தூக்கிப் படித்தோம். ஒரு கால் அசையவில்லை. பெரிதாக அடித்தாள். தடிப்பாக அடித்தாள். ‘தயவுசெய்து செல்லவும்’ என்று அடித்தாள். ‘வருக வருக’ என்று அடித்தாள். கீழே போன எல்லோரும் அதைப் படித்துவிட்டு, இங்கே யாருக்குக் கல்யாணம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். பிளெக்ஸைக் கட்டும்போது இழுத்துக் கட்டினால் பீடம் நசுங்குகிறது என்று அவளே ஏணியில் ஏறித் தளர்த்திக் கட்டினாள். எழுத்துக்கு நடுவில் இடைவெளி போதாது என்று பிரித்துப் போட்டாள். மொத்தம் ஏழு பலகை. ஏழும் வெறும் துணியாகத் தொங்கின.

ஏழாவது பலகையின் கீழே நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தபோது அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்தாள்.

“பாட்டையா, இந்த எழுத்துக்கு ஆமான்னு சொல்லத் தெரியல.”

“அப்படின்னா?”

“இதை வரையும்போது எத்தன புஸ்தகம் பாத்துருப்பேன். எல்லாத்துலயும் இது என்ன சொல்லிருக்குன்னு யோசிச்சுப் பாருங்க. கொலை செய்யாதே, களவு செய்யாதே, பொய் சொல்லாதே, வகுப்புல பேசாதே, கிணத்த எட்டிப் பாக்காதே. பொறந்ததுலருந்து அதுக்கு அதே வேலதான். பாருங்க, ஒவ்வொண்ணும் பீடத்தக் கட்டிக்கிட்டு எப்படி நிக்கிதுன்னு. இது நடையக் கட்டுன்னு சொன்னா யாரு நம்புவா?”

“பாட்டுப் புஸ்தகமும் இதுலதானம்மா இருந்துச்சு.”

“பாட்ட யாரு பாத்துப் படிச்சா? எல்லாருக்கும் மனப்பாடம்.”

எனக்குப் பொறுமை போயிற்று. நான் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் அன்று கடைத்தெருவில் நின்று, “செய்யுன்னாக் கேக்காது, செய்யாதேன்னாத்தான் கேக்குமின்னா, அதையே சொல்லித் தொலையேன்” என்று கத்திவிட்டேன். இரண்டு கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் காது சுட்டது.

தபித்தா நான் கத்தியதைப் பிடித்துக்கொண்டாள். ‘இங்கே நிற்கக் கூடாது’ என்று அடித்து அதே இடத்தில் மாட்டினாள். நிற்க முடியாவிட்டால் உள்ளே போய்த்தானே ஆக வேண்டும் என்பது கணக்கு. படித்தோம். கால்கள் உடனே புறப்பட்டன, உள்ளே அல்ல, வெளியே. பதினெட்டுப் பேரும் எட்டுத் திசைக்கும் போனோம். சந்து வாயில் இருந்த சர்பத் கடைக்கு ஆள் நிற்காமல் போயிற்று. கடைக்காரர் நடந்துகொண்டே குடிக்கிறவர்களுக்குக் கூடவே நடந்து சர்பத் ஊற்ற வேண்டி வந்தது. அதுவரைக்கும் சந்து வாயில் நின்று உள்ளே சந்து வளைகிற இடம் வரைக்குமாவது பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

அந்த வாரத்தில்தான் பேச்சித்தாயின் மகளுக்கு விளாத்திகுளத்தில் பிரசவ வலி கண்டது. பேச்சித்தாய் மாசானத்திடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். போனவள் பேரனைப் பார்த்துவிட்டு உடனே திரும்பவா போகிறாள்?

இரண்டு நாள் கழித்து மாசானம் தூக்குவாளியைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தான்.

“சாப்பிடல அண்ணாச்சி.”

“ஏன்?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. “எனக்குப் போகவே ஒரு மாதிரி இருக்கு. வீட்டுக்குள்ள வாடை வருது. முதுகுல சீலை ஒட்டிக்கிட்டு. நான் திருப்புதேன்னு சொன்னேன், ஆம்பள தொடக் கூடாதுன்னு திட்டுதாவ. இன்னிக்குத் திட்டக்கூட இல்ல.”

“என்ன சொன்னா?”

“ ‘அவன எங்க’ன்னு மட்டும் கேட்டாவ.”

நான் தூக்குவாளியில் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். இட்லி ஐந்தும் அப்படியே இருந்தன. இவனும் எடுக்கவில்லை.

கடைக்குள் போய்த் தபித்தாவிடம் எனக்கு என்ன வேண்டும் என்று சொன்னேன். சொல்ல எனக்கு வெகுநேரம் ஆயிற்று. ‘அக்காவைத் தனியே விடாதே.’ அவள் திரையில் அடித்துப் பார்த்தாள். அந்த எழுத்தில் அது ஏற்கெனவே எங்கோ இருந்தது போல உட்கார்ந்தது.

“பாட்டையா, ஒங்க பேரையும் சேத்துப் போட்டுருவோம். ‘மாசிலாமணி, உன் அக்காவை’ன்னு.”

“பேரு வேண்டாம்.”

“பேரு போட்டா ஒங்கள மட்டுந்தான் கட்டும். போடலன்னா படிக்கிற எல்லாரையும் கட்டும்.”

“அப்ப அக்கா பேரப் போடு.”

“ ‘அன்னப்பழத்தைத் தனியே விடாதே’ன்னு போட்டா கடைத்தெருவே ஒங்க வீட்டுக்குள்ள வந்து உக்காரும். பாட்டிக்குச் சம்மதமான்னு கேளுங்க.”

நான் யோசித்தேன். என் பெயர் இதுவரைக்கும் ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட அச்சில் வந்ததில்லை. அது இரண்டடி உயரத்தில், ஒவ்வோர் எழுத்தும் பீடத்தின்மேல் ஏறி நின்றுகொண்டு, கடைத்தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன்.

“என்னால ஆகாதும்மா. அக்கா இருக்கிறவன் அக்காவப் போயிப் பாக்கட்டும். அதுல என்ன தப்பு?”

அனுமதி வாங்கப் போனபோது அலுவலர் அந்த வாசகத்தைத் தாளில் படித்துவிட்டு, “ரொம்பப் பொதுவான நல்ல கருத்து. நல்லொழுக்க வாசகத்துக்குக் கட்டணம் கிடையாது” என்று கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அது சந்து வாயில் ஏறியது. நான் ஓடிக்கொண்டே தலையைத் தூக்கிப் படித்தேன், அங்கே எனக்கு நிற்க அனுமதி இல்லையே. படித்ததும் என் கால்களுக்குள் மூன்று பேர் சண்டை போட்டார்கள். போகாதே என்றது ஒன்று, நிற்காதே என்றது ஒன்று, விடாதே என்றது ஒன்று. முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. கடைசியில் இடது கால் சாக்கடை மூடியைத் தாண்டியது, வலது கால் முனகிக்கொண்டு பின்னால் வந்தது. ஏன் இது மட்டும் வென்றது என்று எனக்குத் தெரியாது. தபித்தாவைக் கேட்டால், இந்தப் பலகைக்கு எழுத்தை ஒரு விரல் தடிப்புக் கூட்டிப் போட்டேன், அதனால்தான் என்கிறாள்.

வீட்டுக்குள் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் அவளைத் திருப்பினேன். சீலையைத் தண்ணீர் விட்டு நனைத்து நனைத்துப் பிரித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று, அதைவிடச் சின்னதாக இரண்டு. கழுவும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கழுவி முடித்து மருந்து போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

“பால் வாங்க எவ்வளவு தூரம்ல போன?” என்று கேட்டாள்.

நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

வெளியே நடந்ததை மாசானம்தான் வந்து சொன்னான். அன்று காலை கடைத்தெரு வழியாகப் போன எல்லோரும் பலகையைப் படித்திருந்தார்கள். ஓட்டல்காரர் தோசையைக் கல்லில் விட்டுவிட்டுக் கோவில்பட்டி வண்டி ஏறினார். சலூன் முத்தையா பாதி மழித்த முகத்தை அப்படியே விட்டுப் போனார். அந்தப் பாதி முகத்துக்காரருக்கும் ஓர் அக்கா சாத்தூரில் இருந்ததால் அவரும் சண்டை போடவில்லை, துண்டோடு போய்விட்டார். சொத்து வழக்கில் எதிர்க்கட்சியாக இருந்த தம் அக்கா வீட்டுக்குச் செயல் அலுவலர் பிற்பகல் ரயிலில் மதுரைக்குப் போனார். போய் வாசலில் உட்கார்ந்தார். வக்கீலை வைத்துப் பேசச் சொன்னாலும் எழுந்திருக்கவில்லை. மதியத்துக்குள் யாரோ பலகைமேல் சாக்கைப் போட்டு மூடினார்கள். அதற்குள் நூற்றுக்கு மேலே போயிருந்தார்கள். அக்கா இல்லாதவர்கள் மட்டும் ஊரில் இருந்துகொண்டு, தங்களுக்கு ஏன் இல்லை என்று ஏமாற்றத்தோடு கடைகளைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர் இதற்கும் பழகிற்று. கொஞ்ச நாளில் தம்பிகளும் தங்கைகளும் அக்காமாரை ஊருக்கே கூட்டி வந்துவிட்டார்கள். முத்தையாவின் அக்கா சலூனில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாருக்கு எப்படி வெட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டல் சாம்பாரின் ருசி மாறியது. பேரூராட்சி அலுவலகத்தில் அலுவலரின் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை போட்டார்கள். அங்கே ஓர் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கோப்புகளைப் பார்த்து, இதுக்கு ஏன்டா இவ்வளவு நாளு என்று கேட்க ஆரம்பித்ததும் வேலை கொஞ்சம் வேகமாக நடந்தது.

அக்காவுக்குப் புண் ஆறியது. எலும்பு கூடியது. ஆவணி பிறக்கும்போது கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், புரட்டாசியில் கம்பை ஊன்றி நடந்தாள். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் தொல்லை ஆரம்பித்தது. அவள் வாசலுக்குப் போனால் என் கால்கள் வாசலுக்குப் போயின. அவள் கொல்லைக்குப் போனால் நான் கதவுக்கு வெளியே நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அவள் பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். முப்பத்திரண்டு பெண்களுக்கு நடுவில் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“செத்த நேரம் அங்கிட்டுப் போயேன்ல.”

“போவ மாட்டேங்குதுக்கா.”

“காலு ஒன்னோடதா, கவர்மெண்டோடதா?”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

அவள் மட்டுமல்ல, ஊரிலிருந்த எல்லா அக்காமாரும் அதே பாட்டைப் பாடினார்கள். இருபது வருடமாக எட்டிப் பார்க்காதவன் இப்போது எழுந்தால் எழுகிறான், உட்கார்ந்தால் உட்காருகிறான், நிம்மதியாக ஒரு சீரியல் பார்க்க முடியவில்லை என்று குழாயடியில் பேசிப் பேசி, கடைசியில் எல்லோருமாகத் தபித்தா கடைக்குப் போனார்கள். தலைமை தாங்கிப் போனவள் அன்னப்பழம். நான் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.

“ஏ பிள்ள, ‘அக்கா பின்னால் வராதே’ன்னு ஒண்ணு அடி. அந்தக் கொழுத்த எழுத்துல. பெருசா அடி.”

தபித்தா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை அது பேருந்து நிலையத்து முகப்பில் ஏறியது. ஏறிய அன்றே முத்தையா தனியாக டீ குடிக்கப் போனாராம், போய் வெகுநேரம் தனியாகவே உட்கார்ந்திருந்தாராம். செயல் அலுவலர் தம் அக்காவை மதுரை வண்டியில் ஏற்றிவிட்டு அடுத்த நாளே அந்த வழக்குக்கு மறுபடி தேதி வாங்கினார்.

சனிக்கிழமை அக்கா கம்பை ஊன்றிக்கொண்டு சந்தைக்குப் புறப்பட்டாள். அவள் முன்னால், நான் பையோடு பின்னால். பேருந்து நிலையத்தின் முன்னே வந்ததும் நின்றாள். கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு மேலே பார்த்தாள். அவளுக்கு அது எலுமிச்சம்பழங்களும் கம்புகளுமாகத்தான் தெரிந்திருக்கும்.

“ஏல, இதானா அது? படி பாப்போம்.”

நான் தலையைத் தூக்காமல் என் செருப்பின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நாலு தையல் விட்டிருந்தது.

“ ‘மெதுவாகச் செல்லவும்’னு போட்டிருக்குக்கா.”

“நான் சொன்னது அதில்லயே.”

“இது வேற பலகை. ஒன்னோடது இன்னும் அடிக்கல.”

அவள் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி மேலே பார்த்தாள்.

“அவ்வளவு பெரிய எழுத்துல சொல்லுதானுவ. ஏதோ காரியமாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கம்பை எடுத்து ஊன்றினாள். அங்கிருந்து சந்தை வரைக்கும் என் அக்கா மெதுவாகவே நடந்தாள்.